ஒரே காற்றுக்கு இரண்டு தலைப்பு

விருத்தாசலம்
29-6-2025

அன்புள்ள அக்கா சிவசங்கரிக்கு,

சென்னையில் நீயும் உன் ஆபீஸ் ஏசியும் நலமா? இங்கே அம்மா நலம், அப்பா நலம், என் போன் மட்டும் சிறையில். பீரோவுக்குள் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடக்கிறது. ஜாமீன் இல்லை என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த இன்லேண்டு லெட்டர். போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர், "யாருக்குப்பா, லவ்வா?" என்று கேட்டார். "இல்லீங்க, அக்கா" என்றதும் அவருக்கே சுவாரசியம் போய்விட்டது.

குற்றம் என்ன என்று கேட்பாய். உங்கள் 'தினச்சங்கு' போடுகிற மாதிரியே சிவப்புப் பட்டை, கொட்டை எழுத்து எல்லாம் வைத்து ஒரு நியூஸ் கார்டு செய்தேன். 'வெயில் கொடுமை: பதினோராம் வகுப்பு பி பிரிவுக்கு மட்டும் நாளை விடுமுறை.' பி பிரிவுக்கு மட்டும் எப்படி வெயில் அடிக்கும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை அக்கா. மறுநாள் வகுப்பே காலி. கணக்கு சாரும் வரவில்லை. அப்பா செராமிக் சூளையிலிருந்து மேலெல்லாம் வெள்ளை மண்ணோடு ஸ்கூலுக்கு வந்தார். "பேப்பர்ல வர்ற மாதிரியே இருந்துதுங்க சார், நானே நம்பிட்டேன்" என்று ஹெட்மாஸ்டரிடம் எனக்காகப் பேசினார். கேட்டைத் தாண்டியதும் என் காதைப் பிடித்தார்.

அம்மா போனில் பேசலாமே என்பாய். அது ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கிறது. போன வாரம் நீ எனக்கு அறிவுரை சொன்னபோது பின்வீட்டுப் பானுமதி அக்கா அவங்க சமையல்கட்டிலிருந்தே, "அவ சொல்றது சரிதான் வளவா" என்று தீர்ப்புச் சொன்னார். என் கிளாஸ் காவியாவின் அம்மா, உனக்குத் தெரியுமே, பொம்மைக் கம்பெனியில் பிள்ளையாருக்குத் தும்பிக்கை ஒட்டுகிறவர். எனவே ரகசியம் எல்லாம் இனி தபாலில்தான்.

சங்கு ஊதும் அக்காவுக்கு,
சங்கடம் ஊதும் தம்பி,
வளவன்


சென்னை
8-7-2025

தம்பி வளவனுக்கு,

நலம். நீயும் நலமாக, கூடுமானவரை அடங்கி இருக்க வேண்டுகிறேன். உன் கார்டை ஆபீசில் காட்டினேன். எழுத்துரு சரி, செய்தி தப்பு என்று லே-அவுட் அண்ணன் சொன்னார்.

ஒரு நல்ல சேதி. கடலூர் மாவட்டப் பக்கம் இப்போது என் கையில். ஊர் நிருபர்கள் வாட்ஸப்பில் அனுப்புகிறதைத் திருத்தி, தலைப்புப் போட்டு, இரவு எட்டுக்குள் பக்கத்தை மூட வேண்டும். நிருபர் அனுப்புகிறது பாதி தமிழ், பாதி கோபம். அதை நாலு வரியாக்குவது என் வேலை. தலைப்பில் எழுத்துக்கு இடம் குறைவு. சின்னச் சொல்லாகத் தேடிப் பிடிக்க வேண்டும். 'போக்குவரத்து நெரிசல்' என்று எழுத ஆசைப்படுவேன், 'திணறல்' என்று முடிப்பேன்.

அம்மா தினமும் ஆறாம் பக்கம் படிக்கிறார்களா? நான் போட்டது என்று சொல். நீயும் படித்துக் குறை சொல். குறை சொல்வதுதான் உனக்கு நன்றாக வருமே.

அப்பாவிடம் சூளைக்குப் பக்கத்தில் நிற்கும்போது தண்ணீர் குடிக்கச் சொல்.

சிவசங்கரி


விருத்தாசலம்
13-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று முறை எழுதியிருக்கிறேன், நம்பிக்கொள்.

நீ கேட்ட குறையோடு வந்திருக்கிறேன். திங்கட்கிழமை உன் ஆறாம் பக்கத்தை எடு. சனி ராத்திரி மழை, ஞாயிறு காலை ஆடிக்காற்று. அம்மி பறந்ததோ இல்லையோ, நம் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் போட்ட பந்தல் சரிந்தது. அதே நேரம் பானுமதி அக்கா வீட்டுக்குப் பின்னால், மூடிக் கிடக்கும் பழைய செராமிக் யூனிட்டின் காம்பவுண்டு சுவர் அவங்க தாழ்வாரத்தின் மேல் விழுந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை ஜெபம். பதினைந்து பொம்பளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

உன் ஆறாம் பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு தலைப்பு: 'பந்தல் சரிந்து பக்தர்கள் 3 பேர் காயம்.' வலது ஓரத்தில் இன்னொன்று: 'வீட்டில் கூடிய மதப் பிரசாரக் கும்பல், சுவர் இடிந்து 4 பெண்கள் சிக்கினர்.'

ஒரே காற்று அக்கா. இந்தப் பக்கம் அடித்தால் பக்தர், அந்தப் பக்கம் அடித்தால் கும்பல். அதிலும் 'சிக்கினர்'. ஏதோ சந்தன மரம் வெட்டும்போது பிடிபட்ட மாதிரி. கட்சி மீட்டிங்குக்குப் போனால் தொண்டர்கள், நடிகரைப் பார்க்கப் போனால் ரசிகர்கள், டாஸ்மாக் வாசலில் நின்றால்கூட 'குடிமகன்கள்' என்று மரியாதையாகப் போடுகிறீர்கள். பானுமதி அக்கா என்ன பாவம் பண்ணினார்?

பேர் எல்லாம் வேறு போட்டிருக்கிறது: பானுமதி, லில்லி, தமிழினி, சொர்ணமேரி. நாலு பேரும் பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு அன்றைக்கே வந்துவிட்டார்கள். கவலைப்பட ஒன்றுமில்லை.

சிரிப்புக்கு எழுதவில்லை. வீட்டுக்காரர் பழமலை அண்ணன் செவ்வாய்க்கிழமை பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். "நான் குடும்பத்துக்குத்தாம்மா வூடு வுட்டேன், கும்பலுக்கு வுடல" என்றார். கார்த்திகைக்குள் காலி பண்ணணுமாம். பத்து வருஷமாக அதே ஜெபத்தைக் கேட்டுக்கொண்டு அதே வாடகையை வாங்கினவர்தான். போன கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் தின்றார். பிரியாணிக்கு உப்புக் குறைவு என்று வேறு சொன்னார்.

அது உன் பக்கம்தானே? அன்றைக்கு யார் தலைப்புப் போட்டது? பேரைச் சொல், போதும்.

அம்மா போனில் சுருக்கமாகப் பேசினால் கண்டுகொள்ளாதே. சீரியல் நேரமாக இருக்கும்.

வளவன்


சென்னை
25-8-2025

தம்பிக்கு,

நலம். வேலை அதிகம், பதில் தாமதம்.

டெஸ்க்கில் ஒரு செய்தி பல கை மாறும். நிருபர் எழுதி அனுப்புகிற வார்த்தையும் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். யார் என்று விரலை நீட்டிச் சொல்ல முடியாது. திருத்தம் போடலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். பெயர், வயது, ஊர் தப்பானால் திருத்தம் போடுவார்கள். சொல்லுக்குத் திருத்தம் போடும் வழக்கம் இங்கே இல்லை. 'கும்பல்' என்றால் கூட்டம்தானே என்கிறார்கள்.

பானுமதி அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல். பழமலை அண்ணன் கோபக்காரர், நாலு நாளில் மறந்துவிடுவார்.

அம்மா ஏன் பத்து நாளாக 'சாப்ட்டியா, வெச்சிடவா' என்று முடித்துவிடுகிறார்கள்? கேட்டால் பாத்ரூமில் வழுக்கிவிட்டேன், கையில் சின்ன வலி என்கிறார்கள். டாக்டரிடம் காட்டினீர்களா?

சிவசங்கரி


விருத்தாசலம்
1-9-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நலம். அதில் சேதிதான் கொஞ்சம் சுகமில்லை. பல கை என்று எழுதியிருக்கிறாய். பல கை சேர்ந்தால் அதையும் கும்பல் என்று சொல்லலாமா?

அம்மாவை டாக்டரிடம் காட்டினோம். சரியாகிவிடுமாம்.

பழமலை அண்ணன் மறக்கவில்லை. ஸ்கூலிலும் மறக்கவில்லை. காவியா தோழிகளோடு வந்தால் பின்பெஞ்சில் ஒருத்தன், "தள்ளுங்கடா, கும்பல் வருது" என்கிறான். அவள் திரும்பி, "எண்ணிப் பாரு, மூணு பேரு. பத்துக்குள்ள எண்ணத் தெரியுமில்ல?" என்று கேட்டாள். ஆனால் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள். வாடகைக்கு மூன்று வீடு பார்த்துவிட்டார்கள். ஒரு இடத்தில், "பேப்பர்ல வந்தது நீங்கதானே?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்களாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் கம்மாபுரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போவார்களாம். அப்படிப் போனால் காவியா பாதி வருஷத்தில் டி.சி. வாங்கணும்.

போன வாரம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பற்றி உங்கள் பேப்பரிலேயே வந்தது. 'மாதா பக்தர்கள் பாதயாத்திரை' என்று போட்டிருந்தது. அவர்களும் ஏசு, இவர்களும் ஏசு. நடந்தால் பக்தி, உட்கார்ந்தால் கும்பலா?

அதனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, காவியாவும் நானும் சைக்கிளில் மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டோம். இந்த ஊரில் போலீஸ் ஸ்டேஷனில் மனு எடுக்காவிட்டாலும் அவர் எடுப்பாரே. சீட்டில் வாதி பேர், எதிரி பேர், குறை எல்லாம் எழுதி, சாமி காலில் வைத்து வாங்கி, அங்கே காவல் நிற்கும் முனியப்பர் வேலில் கட்டினேன். பானுமதி அக்கா பேரில் எழுதலாம் என்றேன். காவியா பதறிவிட்டாள். "எங்க பாஸ்டருக்குத் தெரிஞ்சா எங்கம்மாவத் தனியா நிக்க வச்சி ஒரு மணி நேரம் ஜெபிப்பாரு, வேற யாரு பேரையாவது போடு" என்றாள். போட்டேன். பாதிக்கப்பட்ட ஒருத்தர் பேர்தான். யார் என்று கேட்காதே.

எதிரி: 'பேர் தெரியாது. தினச்சங்கு, சென்னை. தலைப்புப் போட்ட ஆள்.' எதிரி இருக்கிற ஊருக்கு முனியப்பர் போய்வர, தூரத்துக்கு ஏற்ற மாதிரி படிக்காசு வாங்குகிறார்கள். ரயிலில் ரிசர்வேஷன் பண்ணிவிடவா என்று கேட்டேன். அங்கிருந்தவர் முறைத்தார். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடுமாம். உங்கள் ஆபீசில் யாருக்காவது தூக்கம் வரவில்லை என்றால் எனக்கு எழுது.

துப்பறியும் தம்பி,
வளவன்


சென்னை
9-9-2025

வளவா,

கொளஞ்சியப்பர் பேரில் விளையாடாதே. அது நியூஸ் கார்டு இல்லை. இந்த வாரமே போய் அதை எடுத்துவிடு. பிராதை ராஜினாமா செய்கிறேன், அதாவது வாபஸ் வாங்குகிறேன் என்று சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள்.

யாரோ ஒருவர் வேலை அவசரத்தில் போட்ட சொல்லுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம்.

எடுத்ததும் எழுது.

அக்கா


விருத்தாசலம்
21-9-2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தடவை உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. ஆகவே நானாகச் சொல்கிறேன், நலம். நீயும் நலம்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

நீ சொன்ன மாதிரியே கோயிலுக்குப் போனேன். "தம்பி, பிராது கட்டினது யாரு பேருல?" என்றார்கள். சொன்னேன். "அப்ப அவங்கதான் வந்து எடுக்கணும், நீ ஆரு?" என்றார்கள். நான் ஆள் இல்லாத விலாசத்துக்குப் போன தபால் மாதிரி நின்றுவிட்டுத் திரும்பினேன்.

வேறு வழியில்லாமல் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள், ஒரு கையால். (இன்னொரு கை சும்மா இருந்தது, அவ்வளவுதான்.) நான் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன், முனியப்பர் ரிசர்வேஷன் வரைக்கும். அம்மா சிரிக்கவில்லை.

"யாரு மேலடா கட்டுன?"

"தலைப்புப் போட்டவன் மேல."

"போட்டது அவன்னு உனக்கு ஆரு சொன்னா?"

அப்புறம் கீரைத்தண்டை முறத்தில் வைத்துவிட்டு இலையைக் குப்பையில் போட்டார்கள். அம்மா அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. உடனே குனிந்து குப்பையிலிருந்து இலையைப் பொறுக்கினார்கள். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். "ஞாயித்துக்கெழம அந்தப் பக்கத்துக்கு ஆரு இருப்பாங்கன்னு அவளே போன்ல சொல்லியிருக்கா" என்று மட்டும் சொன்னார்கள், என்னிடம் இல்லை, கீரையிடம்.

அக்கா, ஒரே ஒரு கேள்வி. ஆகஸ்ட் பத்தாம் தேதி ஞாயிறு உனக்கு டூட்டியா, லீவா? ஒரு சொல்லில் எழுது. சின்னச் சொல் போதும்.

பிராதை எடுக்க வாதி சம்மதிக்கவில்லை. "கட்டுனது கட்டுனதாவே இருக்கட்டும்" என்று பதில்.

வளவன்


விருத்தாசலம்
14-10-2025

அக்காவுக்கு,

என் போன கடிதம் கிடைத்ததா? தபால்காரர் நம் வீட்டைத் தாண்டும்போது பெல் அடித்துவிட்டு, "உனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஒன்றும் இல்லாததற்கு எதற்கு பெல் என்று கேட்டேன். நீ வாசலிலேயே நிற்கிறாயே, அதற்காக என்றார்.

தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொன்னாயாம். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். போன வருஷம் ஜுரத்தோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் நீ. அம்மா "சரிம்மா, ஒடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டு, உனக்காக அதிரசத்துக்கு ஊறவைத்த அரிசியை வெயிலில் காயப் போட்டார்கள். அப்புறம் அதையே எடுத்துக் காக்காய்க்குப் போட்டார்கள்.

சொல்லக் கூடாது என்று அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். என் தலைக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்.

சொர்ணமேரி என்று ஒருத்தரும் இல்லை அக்கா. அது சொர்ணாம்பாள். நம் அம்மா.

பாத்ரூமில் வழுக்கவில்லை. அன்றைக்குக் காலையில் மாரியம்மன் கோயிலில் கூழ் வாங்கிக் குடித்துவிட்டு, அதே நெற்றித் திருநீறோடு பானுமதி அக்கா வீட்டு ஜெபத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு வருஷமாகப் போகிறார்கள், அப்பாவுக்கும் தெரியும். "பாட்டு நல்லாருக்குதுடா, ஒக்காந்தா மனசு லேசாவுது" என்பார்கள். வாரத்தில் ஏழு நாளையும் சாமிகளுக்கு ஷிப்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், ஞாயிறு காலை ஷிப்ட் ஏசுவுக்கு. சுவர் விழுந்தபோது பக்கத்திலிருந்த தமிழினியின் கைக்குழந்தையைத் தள்ளிவிட்டுக் கையைக் கொடுத்தார்கள். மணிக்கட்டு எலும்பு முறிவு. உங்கள் நிருபர் ஆஸ்பத்திரி வாசலில் பேர் கேட்டார். வலியில் "சொர்ணா..." வரைக்கும்தான் வந்தது. மீதியை அவரே ஊகித்து எழுதிக்கொண்டார். ஜெப வீட்டிலிருந்து வந்தால் மேரியாகத்தானே இருக்கணும்.

மறுநாள் வழக்கம்போல உன் பக்கத்தைப் படித்தார்கள். மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் போட்டார்கள். "அவளுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா வேலைல கை ஓடாது" என்றார்கள். எனக்கு அப்போது புரியவில்லை. நான் பிராதில் வாதியாக எழுதினது அம்மா பேரைத்தான். கேட்காமல் எழுதினேன். எதிரி யார் என்று வாதிக்குத் தெரியும், எழுதினவனுக்குத் தெரியாது. அந்தக் கோயிலில் இப்படி ஒரு கேஸ் வந்திருக்காது.

இதற்கு மேல் எழுத எனக்கு ஜோக் வரவில்லை.

வளவன்


சென்னை
29-10-2025

வளவா,

எந்தக் கை?

பழமலை அண்ணன் சொன்ன கெடு இன்னும் இருக்கிறதா? பானுமதி அக்கா இன்னும் அதே வீட்டில்தானே இருக்கிறார்?

நவம்பர் நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை பேப்பர் வாங்கு. ஆறாம் பக்கம், கீழே. அம்மாவிடம் நீ படித்துக் காட்டாதே. அவர்களே படிக்கட்டும்.

சிவசங்கரி


விருத்தாசலம்
6-11-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வலது கை. கட்டு அவிழ்த்தாகிவிட்டது. இரண்டு வாரமாகத் தோசை திருப்புகிறார்கள். இன்னும் வட்டம் வரவில்லை, இலங்கை மாதிரி வருகிறது. நானும் அப்பாவும் இலங்கையைத் தின்று நலமாக இருக்கிறோம். நீ நலமா? இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பேப்பர் கட்டைப் பிரிக்கும்போதே வாங்கினேன். ஆறாம் பக்கத்தின் அடியில், வரி விளம்பரத்துக்கு மேலே இருந்தது. எனக்கு மனப்பாடம்: 'திருத்தம்: ஆகஸ்ட் 11 இதழில், விருத்தாசலத்தில் சுவர் இடிந்த செய்தியில் சொர்ணமேரி என்று வந்த பெயரைச் சொர்ணாம்பாள் எனத் திருத்தி வாசிக்கவும். அவரும் அன்று காயமடைந்த மற்ற மூவரும் வழிபாட்டுக்கு வந்திருந்த பக்தர்கள்.'

பேருக்குத்தான் திருத்தம், சொல்லுக்கு இல்லை என்றாயே. பேரின் முதுகில் சொல்லை ஏற்றி அனுப்பிவிட்டாய். நியூஸ் கார்டு செய்த எனக்கே இது தோன்றவில்லை.

அம்மா படித்தார்கள். மறுபடி முதலிலிருந்து படித்தார்கள். "எம் பேரு பேப்பர்ல வந்துடுச்சு" என்று அப்பாவிடம் நீட்டினார்கள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, "வயச போடல, தப்பிச்ச" என்றார். அப்புறம் அம்மா என்னிடம், "இதப் போட்டதுக்கு அவள ஏதாவது சொல்லுவாங்களாடா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. சொல்வார்களா?

காவியா அந்தத் துண்டைப் பழமலை அண்ணனிடம் கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன். அவர் டீக்கடையில் இருந்தார். படித்தார். "ஆறாம் பக்கத்துல அவ்ளோ பெருசா போட்டாங்க, இத இத்தினியூண்டு போட்டுருக்காங்க. இத எவன் பாப்பான்?" என்றார். "நீங்க பாத்துட்டீங்களே மாமா" என்றாள் காவியா. அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன டீயை அவ்வளவு நேரம் ஆற்றின ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில், "தை பொறக்கட்டும், பாப்போம்" என்றார். வீடு பார்க்க வந்த வேறு ஆட்கள் இடிந்த சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள் என்று டீக்கடைக்காரர் எங்கள் காதில் போட்டார். அதனாலும் இருக்கலாம். பானுமதி அக்கா மூட்டை கட்டின பாத்திரத்தில் பாதியை மட்டும் பிரித்திருக்கிறார். பின்பெஞ்சுக்காரன் இன்னும் 'கும்பல்' என்றுதான் சொல்கிறான். அவன் ஆறாம் பக்கம் படிக்கிறவன் இல்லை.

வளவன்


சென்னை
15-11-2025

தம்பிக்கு,

நலம். அம்மா கேட்டதற்குப் பதில்: சொன்னார்கள். பெயரை மட்டும் திருத்தச் சொன்ன இடத்தில் ஒரு வரி கூடுதலாக வைத்தேன் என்று கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் வைத்தேன் என்றேன். மாவட்டப் பக்கம் வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்கு ராசிபலன் பக்கம். ஜோசியர் எழுதி அனுப்புவதில் ஒற்றுப்பிழை பார்க்கிறேன். இதில் யாரும் யாரையும் கும்பல் என்று சொல்வதில்லை, பன்னிரண்டு பேர்தான். அம்மா ராசிக்கு நாலு நாளாக நல்ல பலன் வருகிறது. அதில் நான் கை வைக்கவில்லை.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். கார்த்திகை தீபம் வரை இருப்பேன். அம்மாவிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. போனில் பேச வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடு. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை எழுது, கூட்டாமல் குறைக்காமல்.

சிவசங்கரி


விருத்தாசலம்
20-11-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். என் போனும் நலம், விடுதலையாகிவிட்டது. ஆனாலும் இதைத் தபாலில்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அம்மாவிடம் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன், தலைப்புப் போடவில்லை.

முதலில், "என்னிக்கு வராளாம்?" என்றார்கள். ஞாயிறு என்றேன். "அப்ப ஜங்சன்ல எறங்குனதும் நேரா பானுமதி வூட்டுக்குக் கூட்டியா. நம்ம வூட்டுக்கு அப்பறம் வரட்டும்" என்றார்கள். காலையில் அங்கே ஜெபம். அது முடிந்து சாயந்திரம் மணவாளநல்லூர் போய்ப் பிராதை எடுக்கணுமாம். வாதி வந்தால் போதும், எதிரி வரத் தேவையில்லை, கோயில் வழக்கம் அதுதான் என்று சொன்னேன். "அது கோயில் வழக்கம். இது எங்க வழக்கு" என்றார்கள். நீயும் பக்கத்தில் நிற்கணும்.

"அவ பானுமதி அக்கா மூஞ்சில எப்படிம்மா முழிப்பா?" என்று கேட்டேன். அடுப்பில் தோசை இருந்தது, திருப்பினார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வட்டமாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்:

"வாசல்ல நிக்கக் கூடாதுன்னு சொல்லு. உள்ள வந்து எம் பக்கத்துல ஒக்காரணும். பாட்டு முடியிற வரைக்கும் ஒக்காந்து பாக்கட்டும். அப்பறம் எங்களுக்கு என்ன பேரு வேணா வெக்கட்டும்."

வளவன்